காலித் தட்டின் சத்தம்

தட்டிப் பார்க்காமல் ஒரு டீ கப்பைக்கூட நம்பாத என் அம்மாவுக்கு,

கலா எழுதுகிறேன். எந்தக் கலா என்று கேட்பாய். நீ பெற்ற ஒரே பெண், மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயே, அந்தக் கலா. இப்படி அடையாளம் சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பது ஏன் என்று உனக்குப் புரியும். புரியுமா?

போன வாரம் உன் திவசம். இத்தனை வருஷம் வீம்புக்குப் போகாமல் இருந்தவள், இந்த முறை விருத்தாசலம் போனேன். நீ வேலை பார்த்த செராமிக் கம்பெனிக்குப் புது கேட் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை வந்து, டீயில் சீனி கிடையாது. அண்ணி இன்னமும் பக்கத்து வீட்டு மேரி அக்காவோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சந்தேகப் புத்தி எனக்கு உன்னிடமிருந்துதான் வந்தது, அம்மா. சூளையிலிருந்து இறக்கிய தட்டையும் கப்பையும் நகத்தால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதை ஒதுக்குவது உன் வேலை. வீட்டிலும் அப்படித்தான். பால்காரர், தேங்காய்க் கடைக்காரர், எனக்கு வந்த மாப்பிள்ளை, யாரையும் நீ லேசில் நம்பியதில்லை. அண்ணியை மட்டும் எப்படி நம்பினாய் என்பதுதான் எனக்கு அப்போதே பொறுக்கவில்லை.

மறதி நோய் வந்து ஒவ்வொன்றாய் உன்னை விட்டுப் போனபோதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. பதினொரு மணி பஸ்ஸில் பகோடா பொட்டலத்தோடு நான் வருவேன். வாசல் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். "கலா வந்துட்டா" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாய். சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோனவளுக்கு நான் மறக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. எங்கள் தெருவில் யாருக்கோ காய்ச்சல் என்று தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர்தான். மாசக்கணக்கில் வர முடியவில்லை. மத்தியானத்தில் அண்ணன் போன் போட்டு உன் காதில் வைப்பான்.

"யாரு?"

"நான்தாம்மா, கலா."

"கலா இங்கதான இருக்கா. நீ யாரு?"

முதல் தடவை சிரித்தேன். நாலாவது தடவை சிரிப்பு வரவில்லை. பின்னாலிருந்து அண்ணி, "ஆமாம்மா, இங்கதான் இருக்கேன்" என்றாள். உன்னை அத்தை என்று கூப்பிடுகிறவள், என் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறாள்? மகள் பெயரைச் சொல்லி உன் காதுத் தோட்டைக் கழற்றப் பார்க்கிறாளோ என்று தோன்றியது.

"சாப்டியாம்மா?" என்றேன் ஒருநாள்.

"யாரு போட்டா? காலைலேருந்து ஒண்ணும் இல்ல."

நீ சொல்லி முடிப்பதற்குள் டிங், டிங், டிங் என்று பீங்கான் சத்தம். சோறு வைத்த தட்டு அப்படிக் கணீரென்று கேட்காது. காலித் தட்டு. உன் மகளுக்கு அதுகூடவா தெரியாது? பசியில் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். அண்ணனைக் கேட்டால், "நல்லாதான் சாப்புடுது, நீ சும்மா இரு" என்று போனை வைத்தான். அந்த அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். வயசானவளைப் பட்டினி போடுகிறார்கள் என்றேன். பெயரைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் விசாரித்தார்களாம். ஆனால் மாஸ்க்கும் கையுறையுமாய் வந்தவர்களைக் கண்டு நீ கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாய். இரண்டு நாள் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அண்ணன்தான் அழுதுகொண்டே சொன்னான். "மேரிதான் போன் பண்ணியிருக்கணும்" என்றான். நான் ம் கொட்டினேன்.

உன்னை நிஜமாகவே பட்டினி போட்டது நான்தான், அம்மா.

தகரத்தைப் பிரித்ததும் ஓடி வந்தேன். "யாருங்க நீங்க?" என்று கேட்டாய். மாஸ்க்கைக் கழற்றினேன். உற்றுப் பார்த்துவிட்டு அண்ணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாய். "கலா, இவங்கள போவச் சொல்லுடி" என்றாய் அவளிடம். எல்லாம் அண்ணி சொல்லிக்கொடுத்தது என்றுதான் அன்றும் நினைத்தேன். சில மாசத்தில் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் படையல். இலைக்குப் பக்கத்தில் உன் நீலக்கரைப் பீங்கான் தட்டை வைத்தாள் அண்ணி. சோறு வைக்குமுன் குனிந்து, நகத்தால் மூன்று தட்டு தட்டினாள். டிங், டிங், டிங். போனில் கேட்ட அதே சத்தம்.

"என்னண்ணி பண்றீங்க?"

"அத்தைக்கு இப்பிடித்தான் கலா. சோத்தோட குடுத்தா வெஷம்னு தள்ளி வுட்டுடுவாங்க. காலி தட்ட கையில குடுக்கணும். தட்டிப் பாத்துட்டு, நல்லா இருக்குது, வையின்னுவாங்க. அப்புறந்தான் சாப்புடுவாங்க."

உன் வேலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? உனக்கு மறந்தது நோயால். எனக்கு?

"அம்மா ஏன் உங்கள கலான்னு கூப்ட்டுச்சு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு நின்னப்புறம் ஞாயித்துக்கெழமையானா நீ வரலன்னு வாசக் கேட்ட புடிச்சி உலுக்கிக்கிட்டு அழுவாங்க. மூணாவது வாரம் தொறந்துக்கிட்டு ரோட்டுக்கே போயிட்டாங்க. கையப் புடிச்சா அடிக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. 'நான்தாம்மா கலா, வந்துட்டேன்'னேன். அப்பிடியே அடங்கிட்டாங்க. பகோடா எங்கடின்னாங்க. வெங்காயம் இருந்துது, போட்டுக் குடுத்தேன். அன்னைலேருந்து நான்தான் கலா. ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்னு ஒங்கண்ணன் சொல்ல வேணாம்னுட்டாரு."

சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். "இதெல்லாம் தெரிஞ்சும் மேரி போன் போட்டா பாரு, அத மட்டும் என்னால தாங்க முடியல." போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

அப்போதும் என் புத்தி விட்டதா? அண்ணி சொன்னது நிஜமா என்று மேரி அக்காவிடமே போய் விசாரித்தேன்.

"உங்கம்மாவுக்குப் பொழுதன்னைக்கும் கலா, கலாதான்" என்றாள். "அந்தப் பொண்ணும் ஒருநா சலிச்சிக்கிட்டதில்ல. எங்கிட்ட ஏன் பேசறதில்லன்னுதான் தெரியல. நீயாவது கேட்டுச் சொல்றியா?"

சொல்கிறேன் என்றேன். சொல்வேன், அம்மா. வருகிற ஞாயிறு அதே பதினொரு மணி பஸ்ஸில் போகிறேன். மேரி அக்காவையும் அழைத்துக்கொண்டு போய், போன் செய்தது நான்தான் என்று அண்ணியிடம் சொல்வேன். வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு அவள் கேட்டைச் சாத்தினால் சாத்தட்டும். நீ எனக்காகக் காத்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த ஞாயிறும் வருவேன்.

உன் மகள்கள் இரண்டு பேரில்,
அன்றைக்கு வராதவள்,
கலா