கொச்சின்சீனா டென்னிஸ் சங்கத்துத் தலைவர்

சேசு மரி சூசை துணை
சைகோன், 6 மார்ச் 1927

காரைக்காலில் என் அக்காள் மகள் ஜூலியேத்துக்கு, மாதா புண்ணியத்தில் கல்லுக்குண்டு போலிருக்கும் மாமன் எட்மோன் எழுதுவது.

அக்காளை உட்காரவைத்துவிட்டுப் படி. நின்றுகொண்டு கேட்டால் மயங்கி விழுவாள். கொச்சின்சீனா லான் டென்னிஸ் சங்கத்துக்கு உன் மாமன் தலைவர் ஆகிவிட்டேன்! சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும். மெம்பர்களில் நம்மவர், இந்த ஊர்க்காரர்களான அன்னமியர், சீனர் எல்லாரும் உண்டு. சோலோன் ரஸ்தாவில் நெல் காயப்போடும் களம்தான் மைதானம். பாரீசில்கூட இவ்வளவு சமமான தரை இல்லை என்று பாரீசைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சர்க்கார் அனுமதி மட்டும் பாக்கி. நிர்வாகிகள் மூன்று பேரும் யார், எவர், முன்னே என்ன செய்தவர் என்று நல்ல பிரெஞ்சில் எழுதிக் கேட்கிறார்கள். என் பிரெஞ்சு பேச்சில் சிங்கம், எழுத்தில் நொண்டி. நீ கன்னியர் பள்ளிக்கூடத்து டீச்சர். ஆகையால் எழுது.

தலைவர் எட்மோன்: வெள்ளைக்காரர் கிளப்பில் பதினாலு வருஷம். இவர் போகாமல் அங்கே ஒரு ஆட்டமும் தொடங்காது. செயலாளர் ஆதப்பன்: செட்டிமார் வட்டிக்கடைக் கிட்டங்கிக்கே முதலாளி. உதவித் தலைவர் அபுல் ஹசன்: பட்டு வியாபாரம், சொந்தத்தில் ஒரு கப்பல். இரண்டு என்று போட்டாலும் அவர் கோபிக்கமாட்டார்.

மாமன்,
எட்மோன்

---

காரைக்கால், 11 ஏப்ரல் 1927

மாமாவுக்கு ஜூலியேத் வணக்கம்.

அம்மா மயங்கி விழவில்லை. சிரித்த சிரிப்பில் காப்பிதான் கொட்டிப்போயிற்று. "உங்க மாமன் அந்த மட்டையக் கையால தொட்டிருப்பானான்னு கேட்டு எழுதுடி" என்றாள்.

நீங்கள் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை, மாமா. சைகோன் ஆபீசிலிருந்து இங்கே நகரசபை ஆபீசுக்கு எழுதி விசாரிப்பார்கள். அபுல் ஹசன் மாமாவின் தம்பி பள்ளிவாசல் தெருவில் இருக்கிறார். "அண்ணன் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். கப்பலுக்கும் அவருக்கும் உள்ள உறவு, ஏறிப் போனதோடு சரி" என்றார்.

போன தடவை நீங்கள் வந்தபோது உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்திருந்தது. கிளப்பில் உங்களுக்கு என்ன வேலை, மாமா?

நிசத்தைச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். மறுத்தால் உங்களை மறுக்கட்டும். இல்லாத ஆளை அவர்கள் மறுத்தால் அதில் நமக்கு என்ன பெருமை?

அன்புடன்,
ஜூலியேத்

---

சைகோன், 15 மே 1927

வாத்தியாரம்மா ஜூலியேத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. தூரத்தில் இருப்பதால் உனக்குத் தெரிந்திருக்காது.

சரி, கேள். பதினாலு வருஷம் கிளப்பில் கோடு போட்டேன். விடிந்ததும் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு. சைகோனில் என்னைப்போல் கோடு போட ஆள் கிடையாது. சூரியனே என் கோட்டைப் பார்த்துத்தான் நேராகப் போகிறது. போன வருஷம் ஒரு சாயங்காலம் பந்து வெளியே வந்தது. பக்கத்தில் கிடந்த மட்டையை எடுத்துத் திருப்பி அடித்தேன். அந்தப் பக்கம் நின்ற பட்டாளத்து ஆபீசர் தொப்பியைப் பிடித்தாரே தவிர, பந்தைப் பிடிக்க முடியவில்லை.

கிளப் காரியதரிசி வந்தார். "கோடு போடுவது உன் வேலை. உள்ளே நிற்பது எங்கள் வேலை" என்றார். "கோடு கோணினால் உங்கள் ஆட்டமே கோணல், மிசியே" என்றேன். அன்றைக்கே வேலை போயிற்று. அக்காள் வருத்தப்படுவாள் என்று எழுதவில்லை. இப்போது அரிசி ஆலையில் காவல்.

மறுவாரமே சங்கம் தொடங்கினேன். ஆதப்பன் கிட்டங்கியில் அடுத்தாள். ஏஜெண்டு கூப்பிட்ட குரலுக்கு ஓடி நிற்கிற உத்தியோகம். அதனால்தான் களத்தில் அவன் ஓட்டத்துக்கு யாரும் நிற்க முடியாது.

எழுது, எல்லாவற்றையும் அப்படியே எழுது. நீ சொன்னதற்காக அல்ல. உன் கடிதம் வருவதற்கு முந்தினநாளே எனக்கு இது தோன்றிவிட்டது.

எட்மோன்

---

காரைக்கால், 20 ஜூன் 1927

மாமாவுக்கு,

எழுதியதில் மூன்று பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். பந்தைத் திருப்பி அடித்ததற்காக வேலை நீக்கப்பட்டவர் என்பதை முதல் வரியிலேயே போட்டேன்.

அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்தக் காரியதரிசியின் பேர் என்ன என்று மட்டும் கேட்டாள். தெரிந்தால் செபத்தில் வைத்துத் திட்டுவாளாம்.

ஜூலியேத்

---

சைகோன், 4 செப்டம்பர் 1927

அக்காளும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கவேண்டியது.

சர்க்கார் ஆபீசில் பெரிய குமாஸ்தா உன் காகிதத்தை மூன்று தரம் படித்தார். கண்ணீர் விட்டார் என்று எழுத ஆசை, விடவில்லை. "நல்ல பிரெஞ்சு" என்றார். பிறகு, "சங்கம் இருக்கலாம். தலைவர் மாறட்டும். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஒருவரைப் போட்டுக்கொண்டு வா, நாளைக்கே முத்திரை" என்றார்.

எல்லாரையும் களத்துக்குக் கூப்பிட்டேன். "நான் விலகிக்கொள்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். குரல் கம்மினதற்குக் காரணம் மழைக்காலம்.

ஆதப்பன் கூட்டத்தில் வாயே திறக்காதவன். அவன் எழுந்தான்.

"எட்மோன் அண்ணன் கோடு போடுறது, வெள்ளைக்காரன் வந்து உக்கார்றது. அதுக்குத்தான் அந்தக் கிளப்பு இருக்கே, நாம எதுக்கு?"

"அண்ணன்தான் வேணுங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் அபுல் ஹசன். இருபத்திரண்டு கை. இருபத்துமூன்றாவது கை என்னுடையது. கண்ணில் உமி விழுந்துவிட்டதால் தூக்க முடியவில்லை.

அப்படியே போய்ச் சொன்னேன். மறுப்புக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் இருபது பேருக்கு மேல் சங்கம் சேரக்கூடாது என்று சட்டத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை எங்களுக்குத் தெரியப்படுத்திய உபகாரத்துக்கு நன்றி சொல்லி, என் நொண்டிப் பிரெஞ்சில் நானே பதில் எழுதினேன்.

பிறகு சீட்டுக் குலுக்கினோம். இருபதுக்கு ஒன்று குறைவாகவே இருக்கட்டும் என்று வாரத்துக்கு நாலு பேர் சங்கத்தை விட்டு விலகவேண்டும், மறுவாரம் சேர்ந்துகொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயம். பத்தொன்பது பேர் களத்தில். விலகின நாலு பேர் வேலிக்கு அந்தப் பக்கம் ரஸ்தாவில் நின்று கை தட்டுவார்கள். ரஸ்தாவில் கை தட்ட அனுமதி வாங்கவேண்டும் என்று சர்க்கார் இன்னும் சட்டம் போடவில்லை.

பொலிஸ்காரர் வந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எட்மோன்,
தலைவர்