கீழேயிருந்து வரும் டீ

என் வீட்டுக்காரரின் அக்காவாக இருந்தும் என்னிடம் ஒரு நாளும் நாத்தனார் கணக்குப் பார்க்காத என் புவனா அண்ணிக்கு,

அலுத்துப்போய் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் தம்பி, "என்ன கௌரி, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு வாய்க்காலும் தெரியாது, வடிகாலும் தெரியாது. உங்களிடம் சொன்னால் பாதி ஆறும். நீங்கள்தான் போன மாசியில் கண்ணை மூடிவிட்டீர்களே, இதையெல்லாம் இனி யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

இந்தக் கடிதத்தைப் பேப்பரில் போடப்போகிறார்கள் என்பதால், படிப்பவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வருவாய் ஆய்வாளர், ஊருக்கு 'ஆர்.ஐ. அம்மா'. நான் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர். துறையின் பெயர் மாறியும் ஊர்க்காரர்களுக்கு நான் இன்னும் 'பி.டபிள்யூ.டி. அம்மா'தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நம் இரண்டு பேருக்கும் ஒரே வட்டாரம். "ஒரே வீட்டுல ரெண்டு டிபார்ட்மெண்ட்டு, நான் எங்கே போய் மனு குடுக்கறது?" என்று உங்கள் தம்பி அலுத்துக்கொள்வாரே, ஞாபகம் இருக்கிறதா?

கோரைக்குடி வடிகாலைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைத் தண்ணீரை வயல்களிலிருந்து வாங்கிக் கடல் பக்கம் கொண்டுபோகிற ஒரே வடிகால். மேல்பகுதி எங்கள் துறையுடையது. நடுவில் சாலை குறுக்கே போகிற இடத்தில் இருக்கும் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்குக் கீழே கோரைக்குடி வரைக்கும் ஊராட்சி ஒன்றியம். கரையோரமாகப் போகும் கம்பி மின்வாரியத்துக்குச் சொந்தம். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குக் கீழே போகிறது.

இவர்களில் ஒருவரையும் வேலை வாங்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகால் சுத்தமாக இருந்தது. புரட்டாசி பிறந்தால் செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து பாலத்தடி டீக்கடையில் நிறுத்துவீர்கள். நாற்காலி கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டே பேசவேண்டும். "ஒக்காந்தா ஃபைல் வந்துடும் கௌரி" என்பீர்கள். ஒன்றிய ஓவர்சியர் சேகர், நாங்கள் 'பாலத்துக்காரர்' என்று சொல்லும் சாலை ஆய்வாளர், மின்வாரிய லைன்மேன் அந்தோணி அண்ணன், நான். உங்கள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். தூர்வாருவது கடைக்கோடியிலிருந்து மேலே வரவேண்டும். கீழே இருப்பவர் தன் பகுதியை முடித்துவிட்டு, மேலே இருப்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும். அந்த டீ கைக்கு வராமல் மேலே யாரும் மம்முட்டியைத் தொடக்கூடாது.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. "ஏன் அண்ணி, நாங்க என்ன பிள்ளைங்களா, டீ குடிச்சு விளையாட?" என்று கேட்டேன். "பெரிய ஆபீசருக்கு ரிப்போர்ட் அனுப்புனா யாரு படிக்கிறா? அடுத்த ஆளு கண்ணைப் பாத்து முடிச்சுட்டேன்னு சொல்லிப் பாரு. பொய் சொல்ல வாய் வராது" என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. சேகர் பாலத்துக்காரருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். பாலத்துக்காரர் எனக்கு வாங்கிக் கொடுப்பார். அதற்கப்புறம்தான் என் மிஷின் இறங்கும்.

நீங்கள் போன பிறகு உங்களுக்கு ஒரு பெரிய மரியாதை செய்தார்கள் அண்ணி. உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பற்றி யாரோ மேலே சொல்லி, அது ரொம்பப் பிடித்துப்போய், 'துறைகள் ஒருங்கிணைப்புக் குழு' என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். ஏ.சி. ஹால், நாற்காலிகள், பெயர்ப்பலகை, பிஸ்கட். ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கு, ஒரு கெடு, திரையில் ஒரு கட்டம். முடித்தால் பச்சை, முடிக்காவிட்டால் சிவப்பு. வாட்ஸ்அப் குழு வேறு. யார் எதைப் போட்டாலும் எல்லோரும் கைகூப்புவார்கள். டீயும் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு கப், மேசைக்கே வந்துவிடும்.

குறை சொல்ல மனசு வரவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நீங்கள் நடத்தியதில் எது தெரிந்ததோ அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கீழேயிருந்து மேலே என்பதுமட்டும் அந்த உத்தரவில் இல்லை. அதை யாரும் எழுதவில்லை, எழுதவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷம் எல்லோரும் ஒரே நாளில் ஆரம்பித்தோம். எங்களிடம் ஒப்பந்தக்காரர் தயார், பொக்லைனும் தயார். ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு எல்லாவற்றையும் அள்ளி, மேல்பகுதியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டோம். எங்கள் கட்டம்தான் முதலில் பச்சையானது. ஹாலில் கை தட்டினார்கள். கீழ்ப்பகுதியில் சேகருடைய கட்டத்தில் 'பணி நடைபெறுகிறது' என்று இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவரவர் கட்டத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது. முன்னெல்லாம் மேல்பகுதித் தண்ணீர் செடி கொடியில் தேங்கித் தேங்கி மெதுவாக வரும். இப்போது நாங்கள் போட்டுக்கொடுத்த நல்ல பாதையில் ஒரே ஓட்டமாக ஓடிவந்து, தூர்வாராத கீழ்ப்பகுதியில் முட்டி, கரையேறிக் கோரைக்குடி வயல்களுக்குள் இறங்கிவிட்டது. அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்து, ஒரு ஊரை மூழ்கடித்தோம் அண்ணி. நான் ஒழுங்காக வேலை செய்யாமல் இருந்திருந்தால்கூட அந்த வயல்கள் தப்பித்திருக்கும்.

ஆய்வுக் கூட்டத்தில் இருக்கும்போது செல்லம்மாக்கா போன் செய்தார். கோரைக்குடியில் கடைசி வயல் அவருடையது. அம்மாவும் பாட்டியும் கூலிக்கு நட்ட மண்ணைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். உங்களுக்கு நல்ல சிநேகிதம். ஹாலுக்கு வெளியே வந்து பேசினேன்.

"பி.டபிள்யூ.டி. அம்மா, பயிரு தலை தெரியலம்மா. ரெண்டு நாள்ல வடிஞ்சாத்தான் ஏதோ பொழைக்கும். போனா இந்த வருஷம் போனதுதான், மறுபடி வெதைக்கக் காலம் இல்ல."

"ஒன்றியத்துல சொன்னீங்களாக்கா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆளுக்கு ஆள் அடுத்த ஆபீசைக் காட்டுறாங்க. ஆர்.ஐ.ம்மா இருந்தப்போ ஒரு ஆள்கிட்ட சொன்னாப் போதும். இப்ப இத்தனை பேர் இருக்கீங்க, யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல."

உள்ளே திரும்பிப் போகவில்லை. நேரே கோரைக்குடிக்கு வண்டியை விட்டேன். கரையில் சேகர் நின்றிருந்தார், பக்கத்தில் பொக்லைன் சும்மா நின்றது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"ஏன் சார், மிஷின வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்களா?"

அவர் கையை மேலே காட்டினார். மின்கம்பி தாழத் தொங்கியது. "மிஷின் கை தூக்குனா கம்பில படும் மேடம். லைனை ஆஃப் பண்ணணும்னு கூட்டத்துல சொன்னேன். குறிச்சுக்கிட்டாங்க. குழுவே வாரியத்துக்குச் சொல்லிடும்னு இருந்தேன்."

அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன். "எங்களுக்கு ஒரு தகவலும் இல்லயே மேடம். ஒன்றியத்துலேர்ந்து லெட்டர் வரும்னு நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். கோரைக்குடியில் கடைசி வயல் வரைக்கும் மூழ்கிக் கிடக்கிறது என்றேன். உடனே கேட்டார், "செல்லம்மாக்கா வயலா மேடம்? இருங்க, எங்க இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்." மழையில் நனைந்துகொண்டே வந்து லைனை நிறுத்திக்கொடுத்தார். மிஷின் கை தூக்கியது. பாலத்தில் அடைத்திருந்ததை எடுக்கச் சாலைக்காரர்களும் ஆள் அனுப்பினார்கள். இத்தனை நாள் ஹாலில் ஆகாத வேலைக்கு ஒரு போனும் ஒரு பெயரும் போதுமாக இருந்தது. இது நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது இப்படி ஓடிக்கொண்டே இருக்கமுடியுமா?

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சேகரிடம் சும்மா கேட்டேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது பாலத்துக்காரர், அவருக்கு வாங்கிக் கொடுத்தது சேகர். "உங்களுக்கு யாரு சார் வாங்கிக் குடுத்தா? உங்களுக்குக் கீழே ஆபீஸே இல்லையே?"

"உங்களுக்குத் தெரியாதா மேடம்? செல்லம்மாக்காதான். கடைசி வயலுக்குக் கீழே அடைப்பு இல்லாம தண்ணி வடியுதான்னு அவங்க பாத்துட்டு வந்து டீ குடுத்தாத்தான் நாங்க ஆரம்பிக்கணும். ஆர்.ஐ. மேடம் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாங்க."

எனக்குத் தெரியாது அண்ணி. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீங்கள்தான் எங்களையெல்லாம் ஆட்டிவைக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஓரமாகத்தான் நின்றிருக்கிறீர்கள். எங்கள் நான்கு ஆபீஸையும் நகர்த்தியது அந்த அம்மாளின் டீ. ஏ.சி. ஹாலில் எல்லாத் துறைக்கும் நாற்காலி போட்டார்கள், அவருக்குப் போடவில்லை. அவர் பெயரைச் சொல்ல அங்கே ஆளும் இல்லை.

தண்ணீர் வடிந்துவிட்டது. செல்லம்மாக்காவின் பள்ளக்கால் பயிர் அழுகிவிட்டது, மேட்டுப்பகுதி தப்பித்தது. பாதி தேறும் என்கிறார். கோரைக்குடியில் எல்லாருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். வாட்ஸ்அப் குழுவில் கீழ்ப்பகுதியும் பச்சையாகிவிட்டது, எல்லோரும் கைகூப்பியிருக்கிறார்கள்.

இன்று காலை பாலத்தடிக்குப் போனேன். செல்லம்மாக்கா ஒரு தூக்குவாளியோடு வந்தார், சேறு காயாத காலோடு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சேகருக்கு டம்ளரில் ஊற்றி, "கீழே வடியுது சார்" என்றார். சேகர் அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். குடித்துவிட்டு, தூக்குவாளியை வாங்கிப் பாலத்துக்காரருக்கு ஊற்றினார். பாலத்துக்காரர் எனக்கு ஊற்றினார். செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை, எல்லாம் தலைகீழாகச் செய்து முடித்தாகிவிட்டது. என் கைக்கு வரும்போது டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன் அண்ணி. அழுதுகொண்டேதான் குடித்தேன்.

அடுத்த புரட்டாசிக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எங்கள் கட்டம் சிவப்பாகவே கிடக்கட்டும், ஹாலில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்கட்டும், மெமோ வரட்டும். செல்லம்மாக்காவின் டீ என் கைக்கு வராமல் என் மிஷின் வடிகாலில் இறங்காது. ஏன் இறக்கவில்லை என்று கேட்டால், எனக்குக் கீழே இன்னும் முடியவில்லை என்று சொல்வேன். அதை ஒரு ஆபீசர் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. சொல்லிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு, இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே டிபார்ட்மெண்ட்டு,
உங்கள் தம்பி பொண்டாட்டி,
கௌரி