செல்வி கழுவுன பால்மா பக்கட்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

பின்னேரம் நாலு பத்துக்கு குப்பை ட்ரக்டர் ஓட்டுற குமார் கோல் எடுத்தான். தோட்டத்துல நம்ம லயத்து வீடுகள்ல பிரிச்சு அனுப்புன பிளாஸ்டிக்க எல்லாம் குப்பை மேட்டுலயே கொட்டச் சொல்லிட்டாங்களாம். என் பொஞ்சாதி செல்வி சாகுறதுக்கு முந்தி காலி பால்மா பக்கட் உறையெல்லாம் கழுவி, கொடியில காயப்போட்டு, கட்டி வச்ச கடைசி மூட்டையும் அதுலதான். காலையில நான்தான் ஏத்தி விட்டேன்.

நான் வேலை செய்யுற பிளாஸ்டிக் சென்டர் சுப்பர்வைசருக்குக் கோல் எடுத்தேன். "அரைக்கிற மெஷின் பழுது தம்பி. பொஞ்சாதி கருமாதி முடியிறவரைக்கும் ஒன்னைய கூப்புடக் கூடாதுன்னு இருந்தோம்"ங்கிறாரு.

அந்த மெஷினப் பாக்குறவனே நான்தான். ஒரு பெல்ட் மாத்துற வேலை. என் துக்கத்துக்கு மரியாதையாம்! அவ கழுவுனதுக்கு யாரு மரியாதை குடுத்தா?

இப்ப மட்டும் விடிஞ்சதும் வான்னு திரும்பத் திரும்ப கோல் அடிக்கிறாரு. கொடியில அவ மாட்டுன கிளிப் மட்டும் கெடக்கு.

போன ஓஃப் பண்ணிட்டேன்.