அக்காவின் ரெஸ்யூமேயில் என் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

தென்காசியில் மழை நின்றதா? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் மாமி பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எல்லாரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

மாமா பெண் மஹதி அக்கா அமெரிக்காவில் மேல்படிப்புக்கும் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கும் விண்ணப்பிக்கிறாள். பாடம் நடத்திய அனுபவம் கேட்டார்களாம். எனக்குக் கணக்கு சொல்லித்தருவதாக ரெஸ்யூமேயில் போட்டுவிட்டாள். அவள் ஒருநாள்கூடச் சொல்லித்தந்ததில்லை. இப்போது மாணவி எழுதிய கடிதமும் வேண்டுமாம்.

“சும்மா ரெண்டு வரி எழுதேண்டி” என்றாள் அக்கா.

“நம்மாத்துல தங்கிண்டு இதுகூடப் பண்ணமாட்டியா?” என்றார் மாமி.

என்ன எழுதுவதென்று தெரியாமல், நீ சொல்லித்தருவதை எழுதிக் கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் திட்டாமல், “இன்னொரு தரம் சொல்லு” என்று காத்திருப்பாயே, அதை. நீ பூண்டு உரித்துக்கொண்டே கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

“நிஜம் மாதிரியே இருக்குடி!” என்று அக்கா கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள் வீடியோவில் என்னையும் கூப்பிட்டுக் கேட்கலாமாம். பயமாக இருக்கிறது. உளறினால் அக்காவுக்கு வேலை கிடைக்காது, மாமா வீட்டில் என்னையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் ஃபெயில். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கபாலி கோயிலுக்கு என்று சொல்லி ஒருமுறை வாயேன். வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டுவா.

வீடியோவில் கேட்டால், அக்கா என்று சொல்லி உன்னைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கோபப்படாதே.

மாமி எழுந்துவிட்டார்.

உன்
நீரஜா