தொட்டிக்கு மூடி

16-5-1969, வெள்ளி

கொல்லையில் தரையோடு தரையாக இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு இன்று மூடி போட்டாகிவிட்டது. கொழுந்தன் மனைவி பிரசவத்துக்குப் போனதிலிருந்து அவள் மூத்தவன் என்னிடம்தான் இருக்கிறான். அவன் நடக்கத் தொடங்கியபின் எனக்கு நிம்மதி இல்லை. தகரம் போதும் என்றார் இவர். குழந்தை தள்ளிவிடுவான் என்று கனத்த இரும்பு மூடியை நான்தான் கேட்டுச் செய்யச் சொன்னேன்.

சாயங்காலம் தெருப் பெண்கள் வழக்கம்போல் குடத்தோடு வந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள்.

“என்னக்கா, மூடி செஞ்சீகளா, தேரு செஞ்சீகளா?” என்று அடுத்த வீட்டு முத்தம்மா சிரித்தாள். “இத ஆரு தெனமும் தூக்குறது? தெறந்தே கெடக்கட்டும்.”

எல்லோரும் போன பிறகு தனியாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இவரைக் கூப்பிட்டேன்.

“மூடிட்டா, விடியக்காலம் வர்ற ஒத்தப் பொம்பள எப்படித் தெறப்பா? இந்தக் கோடையில தண்ணி கெடையாதுன்னு சொன்ன மாதிரி ஆயிரும்” என்றார்.

அதுவும் சரிதான். மூடி சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது.

குழந்தை பக்கத்தில் தூங்குகிறான். என் முந்தானையை அவன் காலில் முடிந்திருக்கிறேன். காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொள்வான். முடிச்சை அவிழ்க்க இன்னும் பழகவில்லை.