மடி காலியில்லை

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பால்வாடியில் மூன்று இடத்தில் ஒழுக்கு. மூன்று வாளி வைத்தேன். வந்த பிள்ளைகள் பதினொன்று. வலது முட்டி வலி, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

பாளையங்கோட்டை ஆபீஸிலிருந்து தாள். 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை மேற்பார்வை அதிகாரி வருகிறார். கைக்குழந்தைப் புத்தகங்களை வீடு வீடாகப் பார்ப்பாராம். கடைசி வரியில்: புழக்கத்தில் இல்லாத புத்தகங்கள் திரும்பப் பெறப்பட்டு வேறு ஊருக்கு வழங்கப்படும்.

ஆகஸ்டில் வந்த பெட்டி அது. பதினெட்டுப் புத்தகம். ஒரு வயசுக்குள் பிள்ளை இருக்கிற பதினெட்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கீழே ஒரு வரி. பிறந்ததிலிருந்தே பிள்ளையை மடியில் வைத்துப் படம் காட்டிப் பேசணும், அப்போதுதான் பின்னால் எழுத்து ஏறும். ஊரே சேர்ந்து இதை ஆதரிக்க வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. ஊர் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிறது.

என் பயம் வேறு. மாத அறிக்கையில் இரண்டு தடவையும் “பதினெட்டு வீட்டிலும் தினசரி வாசிப்பு நடைபெறுகிறது” என்று எழுதிவிட்டேன். ஒரு வீட்டையும் போய்ப் பார்த்ததில்லை. கட்டம் காலியாக இருந்தது, எழுதினேன். அவ்வளவுதான் காரணம்.

அக்டோபர் 8, புதன்

மழை இல்லை, புழுக்கம். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஏழு வீடு போனேன்.

செல்வி வீடு: புத்தகம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில். பிளாஸ்டிக் கவர். கவர்மேல் குங்குமம்.
கோமதி வீடு: பீரோவுக்குள், பட்டுச்சேலைக்கு அடியில். சாவி மாமியாரிடம். மாமியார் அம்பாசமுத்திரம் போயிருக்கிறாள்.
டெய்லர் வீடு: பைபிளோடு சேர்த்து உயரத்தில். ஸ்டூல் போட்டு எடுத்தார்கள்.
மற்ற நாலும் சாமி அலமாரி.

கண்ணால் பார்த்த ஆறும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. ஒரு பிள்ளை விரல் பட்ட அடையாளம் இல்லை.

செல்வியிடம் கோபமாகவே கேட்டேன், ஏன் இப்படி என்று. மடியில் பீடிச் சொளவு, அந்த முறத்தில் இலையும் தூளும். கை நிற்கவில்லை. “நீங்கதான டீச்சர் கொடுக்கையில சொன்னிய, இது சரஸ்வதி, பத்திரமா வச்சுக்கிடுங்கன்னு. கண்ணுல ஒத்திக் கொடுத்திய.”

சொன்னேன்தான். யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் வாயில் தானாக வருகிற வார்த்தை. எங்க அப்பா சொல்வார், நானும் சொல்கிறேன். பதினெட்டுப் பேரும் டீச்சர் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷ வேலையில் நான் சொன்ன ஒரு சொல்லை ஊர் முழுக்கக் கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி.

மடியில் வைத்துக் காட்டலாமே என்றேன். “மடி எங்க டீச்சர் காலியா இருக்கு?” என்றாள். அவள் மகன், ஏழு மாசம், கொஞ்சம் தள்ளி ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தான்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று ராத்திரி வீட்டில் இவங்களிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, “எழுதுனது எழுதுனதுதான். அன்னைக்கு மட்டும் எல்லாரும் பொஸ்தகத்த வெளிய எடுத்து வைக்கச் சொல்லு. அவரு என்ன, பிள்ளைகிட்ட பரீட்சையா வைக்கப் போறாரு?” கோர்ட்டு கிளார்க்கு புத்தி. ஆனால் ராத்திரி பூரா அதையே நினைத்துக் கிடந்தேன் என்பதும் நிஜம்.

எனக்கு இந்தத் திட்டம் போகக்கூடாது. அது ஏன் என்று ஒருதரமாவது எழுதி வைக்கிறேன். மூன்று வயசில் என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு வாயே திறக்காது. வா, போ, சோறு, அடி. நாலு சொல்லோடு வரும். அறிவில்லாத பிள்ளைகள் இல்லை. யாரும் அவற்றிடம் பேசியதில்லை, அவ்வளவுதான். நான் பாட்டுச் சொல்லி, படம் காட்டி, தொண்டை வறள ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு வருவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அங்கே வாத்தியார் மக்கு என்று பேர் வைப்பார். அலுத்துவிட்டது. பதினெட்டில் ரெண்டு பிள்ளையாவது பேச்சோடு வரட்டும் என்றுதான் அந்தப் பெட்டி வந்த அன்றைக்கு சந்தோஷப்பட்டேன்.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், முட்டிக்குத் தைலம், பொரி, அவல்.

அக்டோபர் 10, வெள்ளி. சரஸ்வதி பூஜை

விடுமுறை. வீடு கழுவினேன். ரெஜிஸ்தர்களையும் பூஜையில் வைத்தேன். பொய் எழுதிய ரெஜிஸ்தருக்கும் சந்தனம்.

அக்டோபர் 11, சனி

விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை இன்றைக்கு எடுத்துப் படிக்கணும் என்பது வழக்கம்தானே, அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன், லீவு நாளில். கீழத்தெரு வேப்பமரத்தடியில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி நெருங்குகிறது, லீவாவது ஒன்றாவது.

சொன்னேன். இன்றைக்குப் புத்தகத்தை எடுங்க, பிள்ளை கையை அதில் வைங்க, ஏடு தொடங்கினதாக இருக்கட்டும் என்று.

“மூணு வயசு ஆவாம ஏடு தொடங்கலாமா டீச்சர்?”
“கைப்பிள்ள மோண்டுருமே.”
“நா சுத்தமாவ முன்ன அச்சரத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க.”

செல்வியின் மாமியார் எல்லாரையும் அடக்கினாள். “டீச்சர் நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதா. இன்னைக்கு எல்லாரும் பொஸ்தகத்துக்கு இன்னொரு பொட்டு வச்சி, பிள்ள நெத்தியிலயும் வச்சிருங்க.” எல்லாருக்கும் திருப்தி. அதைத்தான் செய்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. சேரன்மகாதேவி தாண்டும்வரை நின்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

சத்துமாவு கொடுக்கிற நாள். பேச்சி வரவில்லை. இது மூன்றாவது வாரம். பெண் பிள்ளை, பத்து மாசம். பேச்சிக்கே இருபதுதான் இருக்கும். புருஷன் பம்பாயில் டீக்கடையில். மாமனார் மாமியார் இல்லாத வீடு, வாய்க்கால் ஓரம் கடைசி. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ. கோமதியிடம் கேட்டால், “உங்களக் கண்டாலே ஒளியுதா டீச்சர். என்னமோ பண்ணிட்டா போல.”

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் எழுதுகிறேன், பிள்ளைகள் தூங்குகிற நேரம்.

பேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டதும் உள்ளே எதையோ இழுத்துத் தள்ளுகிற சத்தம். பிள்ளை நன்றாக இருக்கிறது. சாக்கில் உட்கார்ந்து என்னைப் பார்த்து என்னவோ ஒரு நீளமான பேச்சு பேசியது. சொல் இல்லை, ஆனால் ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது, பஞ்சாயத்தில் பேசுகிற மாதிரி.

புத்தகம் எங்கே என்றேன். பேச்சி அழ ஆரம்பித்துவிட்டாள். இலைச் சாக்குக்கு அடியிலிருந்து நான்தான் எடுத்தேன். ஒரு மூலையைப் பிள்ளை தின்றிருக்கிறது. காக்காய்ப் பக்கம் தனியாக வந்துவிட்டது. எண்ணெய், எச்சில், புகையிலைத் தூள். அட்டை ஊறி உப்பியிருக்கிறது.

“பேர வெட்டிருவாங்களா டீச்சர்? மாவு தர மாட்டாங்களா? வேணும்னு செய்யல.”

பிள்ளை கையில் கொடுத்தாயா என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு, “அது மட்டும் இல்ல டீச்சர். அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு செஞ்சிருக்கேன்” என்றாள்.

கையும் மடியும் பீடிக்குப் போய்விட்டது. பிள்ளை பக்கத்தில் கிடந்து சிணுங்கும். என்ன செய்ய? புத்தகத்தைத் தரையில் போட்டு, கால் கட்டைவிரலால் பக்கம் தள்ளிப் படம் காட்டியிருக்கிறாள். தினமும். ரெண்டு மாசமாக. “சரஸ்வதிய கால்ல தள்ளிருக்கேன். சாமி குத்தம் ஆயிருமோன்னு பயந்து ஒங்க முன்னாடி வரல.”

நான் என்ன செய்தேன்? என் கை என்னைக் கேட்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள், இன்னும் கூடுதலாக அழுதாள். வெட்கமாக இருந்தது எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து, செய்து காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். ரொம்பக் கெஞ்சின பிறகு சொளவை மடியில் வைத்தாள். கை இலையைச் சுருட்டுகிறது, கண் இலையில். கால் நீட்டி, பைய, விரல் நுனியால் ஒரு பக்கம்.

“இந்தா வாழத்தாரு. ஒங்கப்பன் பம்பாய்ல வாழப்பழம் திங்கானோ பட்டினி கெடக்கானோ. இந்தா பசு. நம்ம கோமதி அத்தை வீட்டுப் பசுவாக்கும். நேத்து நம்ம கீரையத் தின்னுட்டுல்லா? ஆமா, நீ கேளு அதுகிட்ட.”

பிள்ளை பசுவை அடிஅடி என்று அடித்தது. பிறகு தவழ்ந்து வந்து அடுத்த பக்கத்துக்காக அம்மா கால்விரலைப் பிடித்து இழுத்தது.

கீழே எழுதியிருப்பது என்ன தெரியுமா என்றேன். “எனக்கு எழுத்து எங்க டீச்சர் தெரியும்? வாய்க்கு வந்ததச் சொல்லுதேன். தெனம் ஒண்ணு.”

அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். அவளிடம் அதைச் சொல்லத் தெரியாமல், மாவு வாங்க வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறம். மீதி வீடுகளையும் பார்த்தாயிற்று. பதினேழு சுத்தம், ஒன்று கிழிசல். இவங்க சொன்ன மாதிரி செய்தால் நாளைக்குத் தப்பிவிடலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

பதினோரு மணிக்கு வந்தார். ஐம்பது தாண்டினவர், குடை பாதி உடைந்திருந்தது, காலையிலிருந்து மூன்றாவது ஊராம். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாரையும் பால்வாடிக்கே புத்தகத்தோடு வரச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். “நல்லா பராமரிச்சிருக்கீங்கம்மா. மத்த ஊர்ல பாக்கச் சகிக்கல.” என் அறிக்கையை எடுத்துப் பார்த்தார், தலையசைத்தார்.

பேச்சி கடைசியில். முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் நுனி விரலால் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா இது? அரசாங்கப் பொருள நாய்க்குப் போட்ட மாதிரி. இந்த வீட்டுக்கு இனி எதுவும் கொடுக்காதீங்க டீச்சர்.”

பேச்சி தலை நிமிரவில்லை. “இனிமே பிள்ளகிட்ட காட்டவே மாட்டேன் சார்.”

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன். சார், அந்தப் பதினேழையும் ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை, நான் எழுதினது பொய், வாசித்த புத்தகம் இது ஒன்றுதான், அதனால்தான் இப்படி இருக்கிறது. கால்விரலைப் பற்றிச் சொல்லவில்லை. பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர் என் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க சும்மா இருந்திருக்கலாம்லா டீச்சர்” என்றார். இருந்திருக்கலாம். “இப்ப நான் எழுதியாகணும். புழக்கத்துல இல்லாதத நாங்குநேரிப் பக்கம் கேக்காங்க.”

பதினேழையும் பெட்டியில் அடுக்கிக் கட்டிக்கொண்டார். கிழிந்ததை மேஜையில் விட்டுவிட்டார், அதை யாருக்கும் கொடுக்க முடியாது; நான்தான் பேச்சி கையில் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு விளக்கம் கேட்டுத் தாள் வரும் என்றார்.

செல்வி மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் மாமியார்தான் வாசலில் நின்று சத்தமாக: “பத்திரமா வச்சிருந்தவகிட்டப் பிடுங்கிட்டுப் போறாங்க. கிழிச்சவளுக்குக் கெடைக்கி. இது எந்த ஊர் நியாயம் டீச்சர்?”

என் தப்பு என்றேன். அது அவளுக்குப் போதவில்லை, எனக்கும்தான்.

அக்டோபர் 18, சனி

போகவில்லை. படுத்தே கிடந்தேன். இவங்க ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தாங்க.

அக்டோபர் 20, திங்கள்

வெயில். பிள்ளைகள் ஏழு. செல்வியின் மூத்தவள் வரவில்லை, கோமதியின் மூத்த மகன் வரவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும். பதினேழு வீட்டைப் பற்றிப் பொய் எழுதி, ஒரு வீட்டுக்காக நிஜத்தைச் சொல்லி, கடைசியில் யாருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தால் தலை வலிக்கிறது. விளக்கத் தாள் இன்னும் வரவில்லை.

மூன்றரைக்குப் பூட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாய்க்கால் ஓரம் நடந்தேன். பேச்சி நிறுத்திவிட்டாளா என்று பார்க்கணும், வேறொன்றுமில்லை.

கதவு திறந்திருந்தது. எனக்கு முன்னாலேயே செல்வி போய் நிற்கிறாள், இடுப்பில் மகன், தலையில் சொளவு. என்னைக் கண்டும் காணாத மாதிரி பேச்சியிடம், “ஒம் பொஸ்தகத்துல எம்பிள்ளையும் ஒரு ஓரம் கடிச்சிக்கிடட்டும்ட்டி” என்றாள்.

பேச்சி சொளவை நகர்த்தி இடம் விட்டாள்.

“உக்காருங்க மைனி. கால நீட்டிக்கோங்க.”