போர்ப் பாடம் நடத்தியவளுக்கு

இன்று காலை ஆசிரியர் அறை பீரோவின் மேலிருந்து ஐரோப்பா வரைபடத்தை இறக்கினேன். உன் பழைய கடுகு நிறக் காட்டன் புடவையில் நீ தைத்த உறைக்குள் அது அப்படியே இருந்தது. நாடாவை அவிழ்த்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. பூச்சி அரித்துவிடும் என்று நீதான் உள்ளே போட்டு வைத்திருப்பாய். பியூன் ஏணியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தின் முதல் பாடம் முதல் உலகப்போர். இத்தனை வருஷமும் அதை நீ நடத்தினாய். பக்கத்து அறையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டே நான் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் அப்படி. செங்கல் சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

ஒரே ஜூன் மாதத்தில் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நீ பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவாய். நான் முகப்பேரிலிருந்து இரண்டு பஸ் மாறி, உனக்கு அப்புறம்தான் ஆவடி வந்து சேருவேன். உன் அப்பா டேங்க் ஃபேக்டரியில் வெல்டர். நீ பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். டாங்கிகளை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டால்தான் சின்ன வயதில் தூக்கமே வரும் என்பாய். நம் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதே குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர்கள். கொஞ்சம் பேர் துணை ராணுவ கேம்ப் பிள்ளைகள். மற்றவர்கள் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் நடவு நட்ட நிலமெல்லாம் இப்போது மனைகளாகிவிட்டன. அப்பாக்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள்.

போர் எப்படி மூண்டது என்பதை நீ சொல்லும் விதம் எனக்கு மனப்பாடம். இளவரசர் கொலையான சரயேவோவில் தொடங்க மாட்டாய், தெருவில் தொடங்குவாய். "ஒருத்தன் இன்னொருத்தன அடிச்சிட்டான். அடி வாங்கினவனுக்கு ஒரு அண்ணன். அடிச்சவனுக்கு ஒரு மாமன். மாமனுக்கு ஒரு ஃப்ரெண்டு. சாயங்காலத்துக்குள்ள தெருவே அடிச்சிகினு கீது. மொத அடி எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல." வகுப்பு சிரிக்கும். அதற்குப் பிறகுதான் வரைபடத்தை விரிப்பாய். அண்ணன் ரஷ்யாவாகிவிடுவான், மாமன் ஜெர்மனியாகிவிடுவான். பலகையில் இரண்டு பத்தி போட்டு ஒன்றில் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, குடியேற்றப் பேராசை, வெறியாகிப்போன தேசப்பற்று என்று எழுதுவாய். அடுத்ததில் இளவரசர் கொலை, அது ஒன்று மட்டும். "காரணம் வேற, சாக்கு வேற. பரீட்சைல மாத்தி எழுதினா மார்க் போவும். வாழ்க்கைல மாத்திப் புரிஞ்சிக்கினா மார்க்கோட போவாது." ஜெர்மன்காரர்களின் எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்ட இடம் வந்ததும் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.

அந்த ஒரு வருஷத்தைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லையில் பதற்றம் என்று செய்தி வரத் தொடங்கிய வாரத்தில்தான் நீயும் இந்தப் பாடத்தில் இருந்தாய். முந்தைய நாள் டிவியில் பார்த்ததைப் பேசிக்கொண்டே பிள்ளைகள் வந்தார்கள். உன் வகுப்பில் ஒரே கைதட்டல், கோஷம். எல்லோருக்கும் மேலே கேட்டது நிவேதாவின் குரல். கேம்ப் பிள்ளை. அவள் அப்பாவை அப்போதுதான் எல்லைப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"எங்கப்பா அங்கதான் கீறாரு மிஸ். பாருங்க, ரெண்டே நாள்ல முடிச்சிட்டு வந்துடுவாங்க."

நீ அன்று ஒரு பெரிய புகைப்படத்தைப் பலகையில் ஒட்டியிருந்தாய். போர் தொடங்கிய நாட்களில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு ரயில் நிலையம். பட்டாளத்துக்குப் போகிற இளைஞர்கள் ஜன்னலில் சிரிக்கிறார்கள். நடைமேடையில் கூட்டம் தொப்பியைத் தூக்கி ஆட்டுகிறது. கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். நீ படத்தைத் தட்டுவது சுவர் வழியாகக் கேட்டது.

"கை தட்டுறவங்க எத்தனை பேர் ரயில் ஏறினாங்க? ஏறினவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்க?"

கோஷம் நின்றுபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் நிவேதாவின் அம்மா வராந்தாவில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மிஸ், எம்பொண்ணு நேத்துலருந்து ஒரு வாய் சோறு துன்னல. அப்பா திரும்பி வருவாரா வருவாரான்னு கேட்டுகினே கீறா. இன்னா மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

நீ "பாடத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். "தப்பு என்னுதுதாம்மா" என்றாய். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது அவரோடு முடியவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ உன்னைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஜவான்களைக் கேலி பண்ணுகிற டீச்சர் என்று. ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் பட்டாளத்தோடு உறவு. மத்தியானத்துக்குள் குழு கொதித்துவிட்டது. தாளாளர் உன்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும், இனிமேல் அந்தப் பாடத்துக்கு நோட்ஸ் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். யோசித்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி அனுப்பிவிட்டார்.

உன் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. பையன் காலேஜில் முதல் வருஷம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் சொன்னேன். "எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி. ரெண்டு வரிதானே?"

"ரெண்டு வரிதான். ஆனா நான் ஜவானைக் கேலி பண்ணேன்னு அதுல இருக்கும். எங்கப்பா பத்த வெச்ச இரும்புக்குள்ளதான்டி அவங்க உக்காந்துகினு கீறாங்க. நான் கேலி பண்ணுவனா?" டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தாய். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்காம கேட்டேன் பாரு, அதான் தப்பு. அதுக்கு அவங்க ஊட்டுக்குப் போறேன். நீ வர்றியா?"

வந்தேன். கேம்ப் வாசலில் பெயர் எழுதிவிட்டு, ஒரே மாதிரி மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வரிசை வீடுகளுக்குள் நடந்தோம். கதவைத் திறந்த நிவேதாவின் அம்மா கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு வழிவிட்டார். டிவி மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. ஃபோனை எல்லோர் கண்ணிலும் படும்படி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார். நாலு நாளாக அவர் கணவரிடமிருந்து அழைப்பு இல்லை.

நீ நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் நிவேதாவுக்கு எதிரே உட்கார்ந்தாய். "நான் கேட்டது எப்பவோ இருந்தவங்களப் பத்தி. ஆனா முன்னால நீ உக்காந்துகினு கீறேன்னு பாக்கல. என்னை மன்னிச்சிடு."

அவள் நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கேள்வி தப்பா மிஸ்?"

நீ ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் சமாதானமாகியிருக்கும். நான்கூட அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"கேள்வி தப்பில்லமா. கேட்ட நேரம் தப்பு."

அடுப்படி வாசலில் நின்றிருந்த அவள் அம்மா அப்போதுதான் பேசினார். "அதே கேள்விய நான் தினம் எனக்குள்ள கேட்டுகினுதான் மிஸ் கீறேன். இவ காதுல உழக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். வெளிய ஒருத்தர் வாய்ல வந்ததும் தாங்க முடியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனார். நீ பின்னாலேயே போய் டம்ளர்களைக் கழுவினாய். அன்று ஃபோன் வரவில்லை.

மறுநாளும் நீ போனாய். அதற்கு மறுநாளும். உன் ரயிலை விட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்து நிவேதாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாயாம். கணக்கு உனக்கு எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது சாயங்காலம் அவள் அப்பாவின் ஃபோன் வந்தது. அவர்கள் மூவரும் பேசி, அழுது, சிரித்து முடித்த பிறகு நிவேதா ஃபோனை உன்னிடம் நீட்டியிருக்கிறாள். என்ன பாடம் நடக்குது டீச்சர் என்று அவர் கேட்டாராம். முதல் உலகப்போர் என்றாயாம். அவர் சிரித்துவிட்டு, "ஆரம்பிச்சது எப்பன்னு எல்லாரும் சொல்லித் தராங்க. எப்ப முடிஞ்சிதுன்னும் மறக்காம சொல்லிடுங்க டீச்சர்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது நீயும் சிரித்தாய், ஆனால் கண் வேறு எங்கோ இருந்தது.

வெள்ளிக்கிழமை நீ தாளாளர் அறைக்குப் போனபோது உனக்கு முன்பே நிவேதாவின் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே நின்றபடி நான் கேட்டேன். "அவங்க எங்க ஊட்டாண்ட மூணு நாள் வந்து உக்காந்தாங்க சார். குரூப்ல எழுதினவங்க ஒருத்தரும் வரல. எழுதி வாங்குறதா இருந்தா அவங்ககிட்ட வாங்குங்க." தாளாளர் தண்ணீர் குடித்தார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பதற்றமும் மெல்லத் தணிந்து, அவள் அப்பா லீவில் வந்து சேர்ந்தார். குழுவில் திட்டியவர்கள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து உன் பாடம் மாறியது. அதற்கு முன்பெல்லாம் காரணங்களுக்கு மூன்று பிரிவேளை, மற்றதற்கெல்லாம் ஒன்று. எட்டு மார்க் கேள்வி அங்கிருந்துதான் வரும். பிறகு நீ நிதானமாகப் போகத் தொடங்கினாய். பதுங்கு குழிச் சேறு, எலிகள், ஒரு மைல் நிலத்துக்காக மாதக் கணக்கில் மாண்டவர்கள், நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போய்ப் பிரான்ஸ் குளிரில் நடுங்கியவர்கள். கடைசியில் நவம்பர் பதினொன்று. உடன்படிக்கையில் விடியற்காலையே கையெழுத்தாகிவிட்டது, பீரங்கி ஓய்ந்தது பதினோரு மணிக்கு. "அந்த நடுவுல கீற நேரத்துலயும் செத்தாங்க" என்பாய். அதன் பிறகுதான் வரைபடத்தைச் சுருட்டுவாய்.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் வயிற்று வலி என்றாய். பேப்பர் திருத்தி முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றாய். திருத்தி முடித்தாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது அதிகம் பேச உனக்குத் தெம்பில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் திருப்புதல் எதுவரை ஆயிற்று என்று கேட்டாய். இரண்டாம் உலகப்போர் வரை என்றேன். சரி என்பது போலக் கண்ணை மூடித் திறந்தாய்.

நீ போன அன்று பட்டாபிராமில் உன் தெரு கொள்ளாத கூட்டம். பந்தல் ஓரத்தில் நிவேதா நின்றிருந்தாள், நர்சிங் படிக்கிறாளாம். பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒருவர். "நான் இவங்கள நேர்ல பாத்ததே இல்லம்மா. ஒரு வாட்டி ஃபோன்ல பேசினேன், அவ்ளோதான்" என்றார். உன்னை எடுக்கும்போது அவர் சட்டென்று நிமிர்ந்து, விறைப்பாக நின்றார். சுற்றி இருந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்காது.

இன்று வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் முன்னால், வீட்டை விட்டு வெளியூரில் இருப்பவர்கள் யார் யாருடைய குடும்பத்தில் உண்டு என்று கேட்டேன். நிறைய கைகள் எழுந்தன. ஒருத்தியின் அண்ணன் துபாயில், ஒருவனின் அப்பா லாரியில், இரண்டு பேருடைய அப்பாக்கள் எல்லையில். யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டுதான் சாக்பீஸை எடுத்தேன். உன் தெருச் சண்டையை என் பாணியில் சொன்னேன். சிரித்தார்கள், உனக்குச் சிரித்த அளவுக்கு இல்லை. பாடம் முழுவதையும் ஒரு ஓட்டமாகச் சொல்லிவிட்டு நாளை முதல் விரிவாகப் பார்ப்போம் என்று புத்தகத்தை மூடினேன். அப்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், இவ்ளோ பேர் சாவறாங்கன்னு தெரிஞ்சப்புறம் நடுவுல நிறுத்தியிருக்க முடியாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படி வந்தால் மணி அடித்துவிட்டது என்பேன், புத்தகத்தில் இல்லை என்பேன். தெரியாத கேள்வியோடு வகுப்பை விட்டு வெளியே வருவது எனக்குப் பயம். உனக்கு அது பிடிக்கும். இன்று அவளிடம் தெரியாது என்றே சொன்னேன். அவள் கேள்வியை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே பலகையின் ஓரத்தில் எழுதினேன். சாயங்காலம் பலகை துடைக்கும்போது அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று கிளாஸ் லீடரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.